காதுக்கு அளவெடுத்த கருவி

மேடையில் பாடுகிறவர் தம் குரலைத் தாமே கேட்டாக வேண்டும். இல்லையேல் சுருதி நழுவும், தாளம் பிறழும். ஆனால் மின்னொலி நிறைந்த மேடையில் இவ்வெளிய செயலே அரிதாகிவிட்டது. பெரிய ஒலிபெருக்கிகள் அவையோரை நோக்கி நிற்கின்றன. பாடுகிறவர் அவற்றின் பின்புறத்தில் நிற்கிறார். ஆகவே அவருடைய காலடியில், அவர் முகம் நோக்கிச் சாய்ந்தவாறு வேறு ஒலிபெருக்கிகளை வைப்பது வழக்கமாயிற்று. இவற்றை மானிட்டர் என்பர். டிரம் வாசிப்பவர் தம் மானிட்டரின் ஒலியைக் கூட்டச் சொல்வார். அதனால் கிட்டார் கலைஞருக்குத் தம் ஒலி கேளாது. அவரும் கூட்டச் சொல்வார். பின்னர் பாடகரும் அதையே கேட்பார். ஒருவரை ஒருவர் விஞ்சும் இப்போட்டியில் தோற்பது எல்லோருடைய செவியுமே.

இத்தொல்லைக்குத் தீர்வாக வந்ததே, காதுக்குள் செருகிக்கொள்ளும் இன்-இயர் மானிட்டர். அமெரிக்க ராக் இசைக்குழுவாகிய வான் ஹேலனில் ஒலிப் பொறியாளராகப் பணியாற்றிய ஜெரி ஹார்வி, அக்குழுவின் டிரம் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக 1995இல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். அம்முயற்சியிலிருந்தே அல்டிமேட் இயர்ஸ் என்னும் நிறுவனம் எழுந்தது. இன்று இசைவாணர் மட்டுமன்றி, வீட்டிலும் பயணத்திலும் பாட்டுக் கேட்போரும் தம் காதுக்கென்றே அளவெடுத்து இக்கருவியைச் செய்வித்துக்கொள்கின்றனர். விலை சிறிதன்று. ஆதலின் வாங்குமுன் அறிய வேண்டியவற்றைக் காண்போம்.

முதலில் காதின் அமைப்பை நோக்குவோம். வயதுவந்தோரின் செவித்துளை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அது நேரான குழாய் அன்று. இரண்டிடங்களில் வளைந்து செல்வது. வெளிப்பகுதி குருத்தெலும்பால் ஆனது. உட்பகுதியைச் சுற்றிலும் கடிய எலும்பு. செவிப்பறைக்கு அப்பால், நத்தை ஓடு போன்ற உட்செவியில், ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் காது ஒன்றுக்குச் சுமார் 15,000 உள்ளன. பேரொலியால் இவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பல்லுக்கேனும் இரண்டாம் முறை உண்டு. இவற்றுக்கு அதுவும் இல்லை.

மெல்லிசைக் குழுவில் டிரம் வாசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். "ஐயா, காதுக் கருவி வாங்கப் போகிறேன். எத்தனை டிரைவர் உள்ளதை வாங்கலாம்?" என்று வினவினார். "நிகழ்ச்சி முடிந்த இரவில் காதுக்குள் ரீங்காரம் கேட்பதுண்டா?" என்று நான் கேட்டேன். "உண்டு ஐயா, விடிந்தால் போய்விடும்" என்றார். "அப்படியானால் முதலில் செவிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கருவியைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்றேன். அந்த ரீங்காரம் செவி தரும் எச்சரிக்கை. விடிந்ததும் அது நின்றுவிட்டதனாலேயே கேடு ஒன்றும் நேரவில்லை என்று கொள்ளலாகாது.

35 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். தெருவில் ஊர்வலம் போகும்போது, பழக்கமில்லாத ஆசிரியர் குரலை உயர்த்துவார். பழகியவர் எழுந்து சென்று சன்னலை மூடுவார். அளவெடுத்த செவிக்கருவியின் தலையாய பயன் இந்தச் சன்னலை மூடுவதே. செவித்துளையில் இடைவெளியின்றிப் பொருந்தினால், அது வெளியொலியை ஏறத்தாழ 20 முதல் 25 டெசிபெல் வரை குறைக்கும்.

இதன் பெருமையை ஒரு கணக்கால் விளக்கலாம். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமாகிய நியோஷ் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுதலுக்கும் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88க்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு 1 மணி. 100 டெசிபெலுக்கோ 15 நிமிடமே. மேடை இரைச்சல் 100 டெசிபெல் என்று கொள்வோம். கருவி அதில் 25ஐத் தடுத்தால் 75 மட்டுமே உட்புகும். தம் இசையை 85இல் வைத்தாலும் கலைஞருக்குத் தெளிவாகக் கேட்கும். 15 நிமிடம் 8 மணியாக விரிகிறது. ஆனால் சன்னலை மூடிய பின்னும் கத்துவேன் என்பவருக்கு இக்கருவியால் பயனில்லை. அவையோரின் கைதட்டலைக் கேட்க வேண்டி ஒரு காதுக் கருவியைக் கழற்றிவிடுவதும் தவறு. கழற்றிய காது மேடையிரைச்சலுக்கு இரையாகும். மற்றதற்கு ஒலியைக் கூட்டவேண்டி வரும். அவையொலி வேண்டுவோர், அதற்கென ஒரு மைக் வைத்து அதனையும் கருவிக்குள் கலந்துகொள்வதே முறை.

ஆகவே தேர்வில் முதலிடம் பொருத்தத்திற்கே. பொருத்தமோ அச்செடுப்பதைப் பொறுத்தது. இதனைச் செவிநுட்ப வல்லுநரிடமே செய்துகொள்ளல் வேண்டும். அவர் முதலில் காதினுள் விளக்கிட்டுப் பார்ப்பார். குறும்பி மிகுந்திருந்தால் அதை நீக்கிய பிறகே அச்செடுப்பார். நூல் கட்டிய பஞ்சுத் துண்டை இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைத்துச் செவிப்பறையைக் காத்து, மென்மையான சிலிக்கோன் பசையை நிரப்புவார். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். தாடை அசையும்போது செவித்துளையின் வடிவமும் மாறுகிறது. ஆதலின் பாடகரும், வாயால் ஊதும் கருவி வாசிப்போரும், வாயைத் திறந்த நிலையில் அச்செடுத்துக்கொள்வது நன்று. இல்லையேல் தார ஸ்தாயியில் வாய் திறக்கும்போது கருவி நெகிழ்ந்து, ஒலியின் கனம் போய்விடும்.

அடுத்தது உறை. அக்ரிலிக் கடினமானது, நெடுநாள் உழைக்கும், ஓரிடத்தில் உறுத்தினால் தேய்த்துச் சரிசெய்யலாம். சிலிக்கோன் மென்மையானது, தாடையோடு இசைந்து கொடுக்கும், ஆனால் பழுது பார்த்தல் கடினம்.

டிரைவர் என்பது மின்னோட்டத்தை ஒலியாக்கும் உறுப்பு. டைனமிக் என்னும் வகையில் காந்தத்தினிடையே கம்பிச்சுருள் அசைந்து சவ்வை அதிர்விக்கும். தாழ்ந்த சுரங்கள் அதில் இயல்பாகக் கனக்கும். பேலன்ஸ்டு ஆர்மச்சூர் என்னும் வகை, காது கேளாதோர் அணியும் கருவியிலிருந்து வந்தது, மிகச் சிறிது. ஆகவே ஒரே உறைக்குள் பலவற்றை அடுக்கி, தாழ்ந்த ஒலியை ஒன்றுக்கும் உயர்ந்த ஒலியை மற்றொன்றுக்கும் பங்கிடுவர். அதனால் எண்ணிக்கை மிகுந்தால் இனிமையும் மிகும் என்று எண்ணற்க. நான்கு ஆசிரியர் உள்ள பள்ளி, இருவர் உள்ள பள்ளியினும் சிறந்தது என்று எண்ணிக்கையை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியுமா? டிரம் கலைஞருக்கும் பேஸ் கிட்டார் வாசிப்போருக்கும் தாழ்ந்த சுரம் தெளிய வேண்டும், பாடகருக்கு நடுச்சுரம். பாடகர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். காதை அடைத்தால் தம் குரல் எலும்பின் வழியே வந்து குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். இதற்குப் பழகச் சில நாள் ஒத்திகை தேவை.

மேடையேறாது பாட்டு மட்டும் கேட்போருக்கு ஒரு சொல். பஞ்சு போன்ற நுரை முனையுள்ள பொதுக் கருவியே பலருக்குப் போதும். அதில் காது வலித்தாலோ, பேருந்திலும் இரயிலிலும் நாள்தோறும் நெடுநேரம் கேட்பதாயிருந்தாலோ, அளவெடுத்ததை நாடலாம். அது பிறர் காதுக்கு உதவாது என்பதையும் நினைவிற்கொள்க. வளரும் பிள்ளைகளுக்குச் செய்வித்தல் வீண்செலவு, காதும் வளருமன்றோ? சாலையில் நடக்கும்போது எவரும் இதனை அணியற்க; பின்னால் வரும் வண்டி கேளாது.

பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் 110 கோடி இளைஞர் செவியிழக்கும் இடரில் உள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபெலுக்கு மேற்படாது கேட்க வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. ஆகவே நேயர்களே, கருவி கைக்கு வந்ததும் முதலில் ஒலியை அறவே குறைத்து வையுங்கள். பின்னர்ச் சொற்கள் விளங்கும் அளவிற்குச் சிறிது சிறிதாகக் கூட்டி, அங்கேயே நிறுத்துங்கள். கருவி நன்கு பொருந்தியிருந்தால், அந்த அளவு நீங்கள் இதுவரை கேட்டு வந்ததைவிடக் குறைவாயிருக்கும். குறையவில்லையெனில், காசு மிகக் கொடுத்ததாயினும், அதை அச்செடுத்தவரிடமே திருப்பிக் கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.