படமும் பண்டமும்

பண்டம் ஒன்றை வாங்குவோர் அதனைக் கண்ணாற் கண்டு, கையால் எடுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கம். சுன்னாகச் சந்தையிலே மாம்பழம் வாங்கும் மூதாட்டி காம்பினடியை முகர்ந்து பார்த்தே பழத்தைப் பெட்டியில் இடுவார். தேங்காய் வாங்குவோர் அதனைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். பனையோலைப் பெட்டி வாங்குவோர் அதன் அடியைக் கவிழ்த்து, இழைப்பு நெருக்கமானதோ என விரலால் அழுத்திப் பார்ப்பார். இவ்வாறு பொறிகள் சான்று கூறிய பின்னரே காசு கைமாறும்.

இக்கால இணையவழி வாணிகத்தில் மூக்கும் நாவும் செவியும் கையும் விடை பெற்றுக்கொண்டன. கண் ஒன்றே எஞ்சியது. அக்கண்ணும் பண்டத்தைக் காண்பதன்று. பண்டத்தின் படத்தையே காண்கின்றது. அப்படத்தையும் செயற்கை நுண்ணறிவுப் பொறியே ஆக்கித் தருமாயின், வாங்குவோர் எதனை நம்பிக் காசு கொடுப்பது? இவ்வினாவுக்கு விடை காணுமுன், அப்பொறி யாது, அது யாங்ஙனம் தொழிற்படுகின்றது என்பவற்றை அறிதல் வேண்டும்.

காணாப் பண்டத்தை விற்றல் புதிதன்று. 1872ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் ஆரன் மொன்ற்கொமரி வார்ட் என்னும் வணிகர் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு, தொலைவிலுள்ள கமக்காரருக்கு அஞ்சல் வழியாகப் பண்டம் விற்கத் தொடங்கினார். பண்டம் மனத்துக்கு ஒவ்வாதாயின் பணத்தைத் திருப்பித் தருவதாக 1875ஆம் ஆண்டில் அவர் உறுதி கூறினார். காட்சியால் வரவேண்டிய நம்பிக்கையை வாக்கினால் ஈடுசெய்தமையே அவர்தம் வாணிகத்தின் வேராயிற்று. அஞ்சல் வாணிகப் பட்டியல்களில் முதலிற் கோட்டுப்படங்களும் பின்னர்ப் புகைப்படங்களும் இடம்பெற்றன. 1839ஆம் ஆண்டிற் பாரிசு நகரிலே டகேர் என்பாரின் முறை வெளியிடப்பட்ட நாள்தொட்டு, புகைப்படம் என்பது பொருளின்மேற் பட்டுத் திரும்பிய ஒளி விட்டுச்சென்ற சுவடு என்றே மக்கள் கருதினர். ஆதலின் ஓவியத்தை நம்பாதவரும் புகைப்படத்தை நம்பினர்.

அந்நம்பிக்கை அப்பழுக்கற்றது என்று கூறுதற்கில்லை. நிழலை மாற்றுதலும் கறையை நீக்குதலும் புகைப்படக்காரர் நெடுங்காலமாகக் கையாண்ட செயல்களே. 1990ஆம் ஆண்டிற் போட்டோஷொப் என்னும் மென்பொருள் வெளிவந்தபின் அச்செயல்கள் கணினித் திரையிலேயே கைகூடின. எனினும் அதற்குத் தேர்ந்த கையும் பல மணி நேரமும் வேண்டியிருந்தன. நல்ல விளக்குகளும் படப்பிடிப்பு அறையும் உடைய பெருநிறுவனங்களின் பண்டம் ஒளிவீச, வீட்டுத் திண்ணையிலிருந்து விற்பவரின் பண்டம் மங்கியே தோன்றிற்று.

2022ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. டால்-ஈ 2, மிட்ஜேர்ணி, ஸ்டேபிள் டிஃபியூஷன் ஆகிய பொறிகள் அவ்வாண்டிற் பொதுமக்கள் கைக்கு எட்டத் தொடங்கின. சொல்லால் விவரித்தால் அவை படமாக்கித் தந்தன. 2023ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் இவ்வாற்றலைப் போட்டோஷொப்பிற் சேர்த்தது. கூகிள் நிறுவனம் வணிகருக்கெனத் தனிக் கருவியொன்றை அறிவித்தது. அமேசான் நிறுவனம் தன்பால் விளம்பரஞ் செய்வோர் பண்டப் படங்களுக்குப் பின்புலம் ஆக்கிக்கொள்ள வகை செய்தது. சாக்குத் துணிமேல் வைத்துக் கைத்தொலைபேசியாற் பிடித்த படத்தைக் கடற்கரை மாளிகையொன்றின் மேசைமேல் வைத்ததுபோற் காட்டுதல் இன்று சில நொடி வேலை.

இப்பொறி தொழிற்படும் முறையை வகுப்பறை உவமை ஒன்றால் விளக்கலாம். கரும்பலகையில் ஒரு படத்தை வரைந்து, அதன்மேல் வெண்கட்டித் தூளைச் சிறிது சிறிதாகத் தூவுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறை தூவும்போதும் படம் மங்கி, ஈற்றில் வெண்புள்ளிகளே எஞ்சும். இனி, தூள் படிந்த பலகையைக் காட்டி, எவ்வளவு தூள் படிந்துள்ளது, எதனைத் துடைத்தாற் படம் சற்றே தெளியும் என ஒரு மாணவனைக் கேட்கின்றோம். கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு இப்பயிற்சியை அளித்தால், அவன் துடைக்குங் கலையில் வல்லவனாவான். பின்னர், படமே வரையாத பலகையில் வெறுந் தூளை அப்பி, ‘இதனுள்ளே மரமேசைமேல் வைத்த ஓலைப்பெட்டி உண்டு; துடைத்துக் காட்டுக’ என்றால், இல்லாத பெட்டியை இருப்பதுபோலத் துடைத்தெடுத்துக் காட்டுவான். இப்பொறிகளுட் பல செய்வது இதுவே. நாம் கொடுக்குஞ் சொற்கள் அத்துடைப்புக்கு வழிகாட்டுகின்றன.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். பொறி காட்டுவது உள்ளதை அன்று. இருத்தல் கூடும் என்பதையே காட்டுகின்றது. ஓலைப்பெட்டி எனின், அது பயின்ற பெட்டிகளின் பொதுவியல்பு ஒன்றை வரையும். நம் கையிலிருக்கும் பெட்டியின் தனியியல்பை அறியாது. ஆதலின் எண்ணிக்கை, எழுத்து, பின்னல், தையல் முதலிய நுண்ணிய இடங்களில் அது எளிதில் வழுவும். ஆறு கல் பதித்த தோட்டில் ஏழு கல் தோன்றும். சட்டையின் பொத்தான் ஒன்று மறையும். சிட்டையிலுள்ள தமிழெழுத்து எம்மொழிக்கும் உரியதல்லாத கோலமாய் மாறும்.

பண்டப் படம் ஆக்குதற்கு இப்பொறியைப் பயன்படுத்தும் வழிகள் இரண்டு. முதல் வழியில், நாம் பிடித்த படத்திலிருந்து பண்டத்தின் உருவம் மட்டும் விளிம்பு பிடித்துப் பிரிக்கப்படும். அவ்வுருவம் தொடப்படாதிருக்க, அதனைச் சூழ்ந்த இடம் மாத்திரம் புதிதாய் வரையப்படும். இரண்டாம் வழியில், நாம் கொடுத்த படத்தை மாதிரியாகக் கொண்டு பண்டம் உட்பட முழுப்படமும் புதிதாக வரையப்படும். முன்னையது பண்டத்துக்கு வேறோர் இருக்கை தருவது. பின்னையது வேறொரு பண்டத்தையே தருவது. திரையிற் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்வேறுபாட்டை அறியாமையால் யானே தவறிய கதையை இங்குக் கூறுதல் பயன்தரும்.

என் சிறியதாயார் குருத்தோலையாற் பெட்டி இழைப்பவர். சிவப்புச் சாயமும் பச்சைச் சாயமும் தோய்த்த ஓலைகளை இடையிட்டு இழைத்து, மூடியோடு கூடிய சிறு பெட்டிகள் செய்வார். அவற்றை இணையவழி விற்கலாம் என்று பழைய மாணவன் ஒருவன் முன்வந்தான். அவன் படம் பிடித்தான். பொறிக்கு வேண்டிய சொற்களை யான் எழுதிக் கொடுத்தேன். தமிழாசிரியன் ஆதலால் வருணனைக்குக் குறைவில்லை. பொறி தந்த படத்தைக் கண்டு மகிழ்ந்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த சிட்டையிலே ‘கைப்பணி’ என்னும் சொல் உருச்சிதைந்திருந்தது. அதனைச் சுட்டித் திருத்துவித்தேன். எழுத்துப் பிழையைக் கண்ட கண் இழைப்பை நோக்கவில்லை.

கொழும்பிலிருந்து ஓர் அம்மையார் தம் மகளின் திருமணத்துக்காக ஏழு பெட்டிகள் வேண்டுமென எழுதினார். அனுப்பினோம். சில நாளில் மறுமொழி வந்தது. ‘பெட்டிகள் நல்லவையே, ஆயின் நான் படத்திற் கண்டு வாங்கியவை இவையல்ல’ என்பதே அதன் சாரம். அதில் வசைச்சொல் ஒன்றேனும் இல்லை. அதுவே என்னை மிக வருத்தியது.

அன்று மாலை படத்தைச் சிறியதாயாரிடங் காட்டினேன். அதுவரை அவருக்கு அதனைக் காட்டவேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார். “இது நான் இழைச்ச பெட்டியில்லைத் தம்பி. இவ்வளவு பொடியாய் ஓலையைக் கிழிக்க ஏலாது. கிழிச்சாலும் நிண்டு பிடியாது. இது பிரம்பெண்டாலும் சந்தேகம்” என்றார். பின்னர், “உள்ளதைக் காட்ட வெக்கப்பட்டியளோ?” என்று கேட்டார். விடை கூற என்னால் இயலவில்லை. ஏழு பெட்டியின் விலையையும் திருப்பி அனுப்பும்படி அவரே பணித்தார். பல நாள் உழைப்பின் ஊதியம் அவ்வாறு போயிற்று. அவ்வுழைப்பு என்னுடையதன்று என்பதை யான் மறத்தற்கில்லை.

இத்தவறு பொறியினதன்று, இரண்டாம் வழியிற் சென்றுவிட்டு முதல் வழியிற் சென்றதாக எண்ணிய எம்முடையதே. ஆதலின் இக்கருவியை முற்றாக விலக்குக என்று யான் கூறேன். படப்பிடிப்பு அறைக்குக் கொடுக்கப் பணமில்லாத வறியவருக்கு அது நல்ல துணை. அதனைக் கையாளும் நெறியைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, மூலப் படத்தை நன்றாகப் பிடித்தல் வேண்டும். வெயில் நேரே படாத சாளரத்தருகே வெள்ளைத் துணி விரித்துப் பண்டத்தை வைத்தால், கைத்தொலைபேசியே போதும். மின்வெட்டொளி நிறத்தை வெளிறச் செய்யுமாதலின் அதனைத் தவிர்த்தல் நன்று. முன், பின், மேல், அடி எனப் பல கோணங்களிற் பிடித்து, ஒரு படத்தில் அடிமட்டத்தையும் அருகே வைத்து அளவு தோன்றச் செய்க. மூலம் தெளிவாயின் பொறி ஊகிக்கவேண்டிய இடங் குறையும்.

இரண்டாவது, பொறிக்குப் பின்புலத்தையே ஒப்படைத்தல் வேண்டும், பண்டத்தை ஒப்படைத்தலாகாது. அமேசான் தளத்தில் முதற்படத்தின் பின்புலம் தூய வெண்மையாய் இருத்தல் வேண்டும் என்பதும், பண்டம் சட்டத்தில் 85 வீதத்தை நிரப்புதல் வேண்டும் என்பதும் விதிகள். இத்தகைய வெண்பின்புலம் அமைத்தற்கு இக்கருவி பெரிதும் உதவும்.

மூன்றாவது, வெளிவந்த படத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்து ஒப்புநோக்குதல் வேண்டும். ஓலையின் அகலம், நிறம், பிடி, விளிம்பு, எழுத்து ஆகிய ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்க. இப்பணியைப் பண்டத்தைச் செய்தவரிடமே ஒப்படைத்தல் சிறந்தது. பின்னலின் பிழையை இழைத்தவர் அறிவதுபோல மற்றொருவர் அறியார்.

நான்காவது, அளவு பற்றிய மயக்கத்தை விலக்குதல் வேண்டும். பெரிய மேசைமேல் வைத்ததாகக் காட்டிய சிறுபெட்டி பெரிதாகத் தோன்றும். பொறி படைத்த மனிதருக்கு உடுத்திய சட்டை எவருடலிலும் அவ்வாறு பொருந்தியதன்று. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை இலக்கத்தில் எழுதிவிடுக.

ஐந்தாவது, எம்மாற்றமும் செய்யாத படமொன்றையேனும் உடன்வைத்து, ஏனையவற்றின் பின்புலம் கணினியால் ஆக்கப்பட்டது என ஒரு வரி எழுதுக. அவ்வரியால் வாணிகங் கெடும் என்று அஞ்சுவோர் உளர். உண்மை அறிந்து வாங்கியவர் பண்டத்தைத் திருப்பி அனுப்பக் காரணமில்லை என்பதை அவர் எண்ணுக.

இவை அறவுரை மாத்திரமல்ல. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரை மயக்கும் நடத்தையையும் பண்டம் பற்றிய பொய்க்கூற்றையும் வணிகருக்கு விலக்கியுள்ளது. படமும் ஒரு கூற்றே அன்றோ? இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட மின்வணிக விதிகள், விளம்பரம் பண்டத்தின் உண்மையியல்புக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்கின்றன. படம் எங்குத் தோன்றியது, எவ்வாறு மாற்றப்பட்டது என்பதைப் படத்தினுள்ளேயே பதிந்துவைக்கும் பொதுமுறை ஒன்றை வகுத்தற்கு அடோபி, மைக்ரோசொவ்ற், பீபீசி முதலிய நிறுவனங்கள் 2021ஆம் ஆண்டில் ஒன்றுகூடின. எனினும் சட்டமும் முத்திரையும் பின்னே வருவன. விற்போர் நெஞ்சமே முன்னிற்பது.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகர்க்கு வாணிகமாவது என்பதை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். கொள்வது மிகாமலும் கொடுப்பது குறையாமலும் வாணிகஞ் செய்த காவிரிப்பூம்பட்டினத்தாரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அப்புலவர் காலத்தில் நாணயத்தை அளந்தது துலாக்கோல். இன்று படமும் ஒரு துலாக்கோல் ஆயிற்று. அதன் ஒரு தட்டிற் பண்டமும் மறுதட்டிற் காட்சியும் உள்ளன. காட்சித்தட்டு தாழ்ந்தால் வாங்குவோர் ஏமாறுவர். அதனை மிக உயரவிட்டால் உழைத்தவர் ஊதியம் இழப்பர். இரண்டும் ஒத்து நிற்றலே நடுவுநிலைமை.

மாணவர்காள்! உங்களுட் பலர் நாளை இத்தொழிலிற் புகுவீர்கள். புதுக்கருவியைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அதன் அழகில் மயங்கவும் வேண்டா. அது செய்வது யாது என்பதை முதலில் அறிந்துகொள்க. கடல்கடந்து வாழும் பழைய மாணவர்காள்! ஊர்ப்பண்டம் ஒன்றை இணையத்தில் வாங்கும்போது அடிப்பக்கப் படத்தையும் கேட்டுப் பெறுக. கேட்பவர் உளராயின் காட்டுபவரும் உளராவர்.

இப்போது சிறியதாயாரின் பெட்டிகள் வீட்டுச் சாளரத்தருகே வைத்தே படம்பிடிக்கப்படுகின்றன. பின்புலத்தை மட்டும் பொறி வெண்மையாக்குகின்றது. அவர் பார்த்துத் தலையசைத்த பின்னரே படம் வெளியே செல்லும். முன்னையினும் குறைவானவரே கேட்டு எழுதுகின்றனர். ஆயின் அதன்பின் அனுப்பிய பெட்டிகளுள் ஒன்றேனும் திரும்பி வந்ததில்லை.