கார் விளக்கின் மஞ்சள் படலம்

எஞ்சின் ஓசையில் மாறுதலின்றி, மேல்வர்ணத்தின் மெருகும் குலையாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கார்களிலும், சில வருஷங்கள் கழிந்தபின் முகப்பு விளக்குகள் மட்டும் மஞ்சள் பாரித்து மங்கிக் கிடப்பதை நம் தெருக்களில் எங்கும் காணலாம். புழுதியென்று எண்ணி ஷாம்பூ போட்டுத் தேய்ப்பவர்களும், பல்பில்தான் குறையென்று பல்பை மாற்றிப் பார்ப்பவர்களும், ஒன்றும் பலிக்காமல் சலித்துப்போய், இரவில் டிம் போடாமல் ஹை பீமிலேயே ஓட்டப் பழகிவிடுகிறார்கள். அந்த மஞ்சள் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று. விளக்கின் மூடியைக் காத்துவந்த கவசம் ஒன்று வெயிலில் மாண்டுபோனதன் அடையாளம். இதை அறிந்துகொண்டால், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய பரிகாரம் எது, செய்யத் தகாதது எது என்பதும் தானே விளங்கிவிடும்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவற்றின் விளக்கு மூடி கண்ணாடி. கல் பட்டால் உடையுமேயன்றி, எத்தனை கோடை கண்டாலும் நிறம் மாறாது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஹெர்மன் ஷ்னெல் என்ற ரசாயன விஞ்ஞானியும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும், ஒருவர் செய்வதை ஒருவர் அறியாமலே, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார்கள். ஸ்படிகத் தெளிவும், கண்ணாடியைவிடப் பன்மடங்கு அடிதாங்கும் வலிமையும், விரும்பிய வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும் சுபாவமும் ஒருங்கே அமைந்த அந்தப் பொருளை, 1983-இல் அமெரிக்க அரசாங்கம் தன் விளக்கு விதிகளைத் தளர்த்திய பிறகு, அந்நாட்டுக் கார்க் கம்பெனிகள் ஆவலோடு கைக்கொண்டன. இன்று உலகத்துக் கார்களெல்லாம் அதையே அணிந்து வருகின்றன.

ஆயினும் அந்தப் பிளாஸ்டிக்கில் எளிதில் கீறல் விழும். அதைவிடப் பெரிய குறை, சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை அதனால் தாங்க முடியாது என்பது. அக்கதிர்கள் அதன் மூலக்கூறுகளைச் சிதைக்க, சிதைந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் புகுந்து மஞ்சள் நிறப் பொருள்களை விளைவிக்கிறது. இதைத் தடுப்பதற்காகவே, தலைமயிரைவிட மெல்லிய, நிறமற்ற ஒரு கடினப் பூச்சைத் தொழிற்சாலையிலேயே மூடியின்மேல் பூசி அனுப்புகிறார்கள். வெயில் முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான். மூடியின் மேல் விளிம்பில், கிரணங்கள் நேராக விழும் இடத்தில், அது நுண்ணிய வெடிப்புகள் விட்டுத் திட்டுத் திட்டாக உரிவதைச் சற்றுக் குனிந்து பார்த்தால் யாரும் காணலாம்.

அழகு குறைவதோடு இது நின்றுவிடுமானால் இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகவும் மங்கிய விளக்குகள் புதிய விளக்கின் வெளிச்சத்தில் சுமார் 20 சதவிகிதமே தந்தன. தேய்த்துச் செப்பனிட்ட பின் அது சுமார் 70 சதவிகிதத்துக்கு உயர்ந்தது. இழந்த வெளிச்சத்தில் ஒரு பகுதி நாலாபுறமும் சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் லாரியும், குறுக்கே வரும் மாடும் நம் நெடுஞ்சாலைகளில் சர்வ சாதாரணமாதலால், இந்தக் கணக்கை நாம் லேசாக எண்ணிவிடக் கூடாது.

பற்பசையால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்வார்கள். ஆவது உண்மைதான், பற்பசையிலுள்ள நுண்துகள்கள் மேற்படலத்தைச் சுரண்டிவிடுகின்றன. ஆனால் மிச்சமிருந்த கவசமும் அதோடு போய்விடுவதால், வெகு சீக்கிரத்தில் மஞ்சள் மீண்டும் ஏறுகிறது. கொசு விரட்டித் திரவத்தைத் தெளித்துத் துடைப்பது இன்னும் அபாயம். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும். சிந்தினால் பக்கத்து வர்ணத்தையும் கெடுக்கும்.

முறையாகச் செய்ய விரும்புகிறவர், பெயிண்டிங் பட்டறைக்காரர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் நீர்த்தாளை 800, 1000, 1500, 2000 என்ற எண்களில் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். விளக்கைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, சுற்றியுள்ள வர்ணத்தின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டு, தாளையும் விளக்கையும் ஓயாமல் நனைத்துக்கொண்டு, 800-ஆம் எண்ணால் இடவலமாகவே சீராகத் தேய்க்க வேண்டும். முதலில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். அது பழைய பூச்சு கரைந்து வருவது. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் நீங்கி, மோர் போல வெண்மையாக நீர் வழியத் தொடங்கும்போது, அடியிலுள்ள நல்ல பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டோம் என்று அறியலாம். எங்கேனும் திட்டு மிஞ்சியிருக்க அடுத்த தாளுக்குப் போனால், பிறகு எத்தனை மெருகிட்டாலும் அந்தத் திட்டு மறையாது. அடுத்த தாளால் மேலும் கீழுமாகத் தேய்த்து, முந்திய கீறல்கள் முற்றும் மறைந்த பின்பே அதற்கடுத்ததை எடுக்க வேண்டும். உலர்ந்ததும் மூடி முன்னைவிட மோசமாக வெளுத்துத் தோன்றும். மனம் தளர வேண்டாம். ஒரு கை நீரை அதன்மேல் விட்டுப் பார்த்தால், நுண்கீறல்களில் நீர் நிரம்பி, உள்ளேயிருக்கும் பல்பு துலக்கமாகத் தெரியும். பின்னால் பூசப்போகும் பூச்சு நிரந்தரமாகச் செய்யவேண்டிய காரியமும் அதுவே.

பெரும்பாலோர் தவறவிடுவது இந்தப் பூச்சைத்தான். ரப்பிங் காம்பவுண்டு போட்டு மெருகேற்றியதும் விளக்கு பளபளப்பதைக் கண்டு, வேலை முடிந்ததென்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் அது வெற்றுடம்போடு வெயிலில் நிற்கிறது. மூடியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, முகப்பு விளக்குக்கென்றே விற்கப்படுகிற, புற ஊதாக் கதிரைத் தடுப்பதாகக் குறிப்பிட்ட பூச்சை, நிழலில், புழுதியில்லாத இடத்தில், ஒரே திசையில் இழுத்துப் பூச வேண்டும். பூசிய இடத்துக்குக் கையைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாள் முழுவதும் நீர் படாமல் காயட்டும். தின்னர், பெட்ரோல் இவற்றால் துடைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அவை பாலிகார்பனேட்டில் வெடிப்பு விழச் செய்பவையாதலால், அருகிலும் கொண்டுவரலாகாது. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரட்டைக் கிளியர் லாக்கர் நெடுநாள் உழைக்குமென்றாலும், அதன் புகையிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதிக்கக்கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. தக்க சாதனமுள்ள பட்டறைக்கு அந்த வேலையை விட்டுவிடுவதே விவேகம். பூச்சு எதுவும் இல்லையென்றால், கார் மெழுகையாவது மாதத்துக்கொருமுறை பூசிவரலாம். அது அற்பக் காவல்தான். புதிய விளக்குக்கோ, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் கேட்டு நிறமற்ற பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டிவிடுவது, பின்னால் படும் சிரமம் அத்தனையையும் மிச்சப்படுத்தும்.

நிறுத்துமிடத்தையும் கவனிக்க வேண்டும். சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறப்புவரை நீங்கலாக, சென்னையில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்தே செல்வதால், திறந்தவெளியில் நிறுத்துகிறவர்கள் வண்டியின் முகத்தை வடக்கே வைப்பது நல்லது.

மங்கல் மூடியின் உட்புறத்தில் இருந்தாலோ, வெடிப்புகள் ஆழ ஓடியிருந்தாலோ, மேலே தேய்ப்பதால் பிரயோஜனமில்லை. விளக்கையே மாற்ற வேண்டும். புதுப்பேட்டையில் பழைய விளக்கு வாங்குகிறவர்கள், அதுவும் எத்தனையோ கோடைகளைக் கண்டதென்பதை நினைவில் வைத்து, வெயிலில் பிடித்து உட்புறத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். எதைப் பொருத்தினாலும், அன்று மாலையே வண்டியைச் சமதளத்தில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு விளக்குகளின் ஒளியும் ஒரே மட்டத்தில் விழுகிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்துகொள்வது அவசியம்.