பொருட்செலவும் மெய்ப்பாடும்

பல கோடி ரூபாய்ச் செலவில் ஒரு திரைப்படம் உருவாகிறது. வானளாவிய அரண்மனைகள், ஆயிரக்கணக்கான வீரர்கள், செவியைத் துளைக்கும் இசை ஆகிய எல்லாம் அதில் உள்ளன. ஆயினும் கொட்டகையை விட்டு வெளியே வருவோர், “காட்சிகள் நன்றாகத்தான் இருந்தன, மனத்தில் ஒட்டவில்லை” என்கின்றனர். பல்லாயிரவர் உழைப்பும் பெரும் பொருளும் இவ்வாறு பயனற்றுப் போவதற்குக் காரணம் யாது? மாணவ நண்பர்களே, இதனைச் சற்று ஆராய்வோம்.

இதற்கு விடை காணத் தொல்காப்பியம் நமக்குத் துணைபுரிகிறது. அதன் மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் மருட்கை ஒன்று, அழுகை மற்றொன்று. மருட்கையாவது வியப்பு. அது தோன்றுதற்குரிய காரணங்கள் நான்கனுள் புதுமையும் பெருமையும் அடங்கும். இவ்விரண்டையும் பொருள் கொடுத்துப் பெறலாம். அழுகைக்குரிய காரணங்களுள் ஒன்று இழவு. அதாவது, உற்றாரையோ உரியவற்றையோ இழத்தல். ஒருவர் எதனை இழந்தார், அஃது அவருக்கு எத்துணை அருமையானது என்பதை நாம் முன்னரே அறிந்திருந்தாலன்றி அந்த இழவு நம்மைத் தொடுவதில்லை. அவ்வறிவைத் தருவது கதையே.

எங்கள் தியாகதுருகத்தைச் சூழ்ந்த கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து இன்றும் நடைபெறுகிறது. கர்ண மோட்சக் கூத்துக்கு வேண்டுவன யாவை? ஒரு திரை, ஒரு பலகை, மத்தளம், தாளம், முகவீணை ஆகியவையே போதும். கர்ணன் போர்க்களம் புகுமுன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். அவன் மீளான் என்பது காண்போர் அனைவருக்கும் தெரியும். பின்னிரவுக் குளிரில் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றனர். அங்கே தேருமில்லை, யானையுமில்லை; பிரியப்போகும் இருவரை நெடுநேரம் அறிந்து பழகிய உறவு மட்டுமே உண்டு.

இதனால், செலவு செய்தலே குற்றம் என்று கொள்ளவேண்டா. 1948-ஆம் ஆண்டில் ஜெமினி வாசன் அவர்கள் வெளியிட்ட ‘சந்திரலேகா’ அக்காலத்தில் வியக்கத்தக்க பொருட்செலவில் எடுக்கப்பட்டது. அதன் முரசு நடனம் பெரும் புகழ் பெற்றது. அந்த முரசுகளுக்குள் வீரர்கள் மறைந்திருக்கின்றனர். கொடியவனை மணக்குமாறு வற்புறுத்தப்படும் ஒரு பெண்ணின் விடுதலை அவர்களை நம்பியே இருக்கிறது. ஆகவே ஆடம்பரம் அங்கே கதைக்கு ஊழியம் செய்கிறது.

இனி, ஒரே இயக்குநரின் இரு படங்களை ஒப்பிடுவோம். ஷங்கர் இயக்கிய ‘இந்தியன்’ 1996-இல் வெளிவந்தது. தீக்காயமுற்ற மகளைக் காப்பாற்றக் கையூட்டுக் கொடுக்க மறுக்கிறார் சேனாபதி, மகள் இறக்கிறாள். பின்னர், கையூட்டுப் பெற்றுப் பள்ளிக் குழந்தைகளின் சாவுக்குக் காரணமான தம் மகனையே அவர் கொல்லவேண்டி வருகிறது. அறம் ஒருபுறம், பெற்ற பாசம் மறுபுறம். நாம் அந்த வீட்டுக்குள் புகுந்து, அக்குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறோம். 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ அதனினும் பெரிய அளவில் எடுக்கப்பட்டது. எனினும் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. வெளிவந்த சில நாட்களில் ஏறத்தாழ 12 நிமிடக் காட்சிகள் நீக்கப்பட்டன. அதிலும் ஒரு தாயின் சாவு உண்டு. ஆனால் தண்டிக்கப்படும் தீயோர் பலரிடையே கதை அலைவதால், அத்தாயோடு பழக நமக்கு நேரம் வாய்க்கவில்லை என்பது என் கருத்து.

பெரும் பொருள் இவ்விடரை எவ்வாறு விளைவிக்கிறது? போட்ட முதலை மீட்கப் படம் பல மொழிகளில், பல நாடுகளில் ஓடவேண்டும். எனவே எல்லாருக்கும் எளிதில் விளங்கும் பெருங்காட்சிக்கும் பேரொலிக்கும் முதலிடம் தரப்படுகிறது. இரு மனிதர் அமைதியாகப் பேசும் காட்சி மெதுவானது என்று வெட்டப்படுகிறது. 2024 நவம்பரில் வெளியான ‘கங்குவா’ படத்தில் இரைச்சல் மிகுதி என்ற குறை எழவே, கொட்டகைகளில் ஒலியைக் குறைக்குமாறு தயாரிப்பாளரே கேட்டுக்கொண்டார். ஓயாத ஒலியில் செவி களைக்கிறது. இடையே மௌனம் இருந்தாலன்றி ஓர் அழுகுரல் நம்மை எட்டாது.

பல்லாண்டுகள் மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவன் நான். அடைமொழிகள் அடுக்கிய கட்டுரையைப் படித்து வியந்ததுண்டு; ஆனால், “மழை பெய்யாததால் அப்பா மாட்டை விற்றுவிட்டார்” என்று ஒரு சிறுவன் எழுதிய ஒரு வரி என்னை எழுதுகோலைக் கீழே வைக்கச் செய்தது. அவன் எழுதியதும் ஓர் இழவே.

அடுத்த முறை ஒரு படம் பார்க்கும்போது இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இங்கே யார் எதனை இழக்கிறார்? அவரை நான் முன்னரே அறிந்திருந்தேனா? படம் உங்களை உருக்கவில்லையெனில், அதன் காரணத்தை இவ்வினாக்கள் காட்டிவிடும். நாளை உங்களுள் சிலர் கதை எழுதலாம், படமும் எடுக்கலாம். அரண்மனை கட்டுமுன், அதில் வாழப்போகிறவரை எங்களுக்கு அறிமுகம் செய்துவையுங்கள்.