ஸ்ட்ரைக்கர் ஏன் பின்னாலேயே போகிறது?

“நேரா அடிக்காதடா, காயோட சேர்ந்து ஸ்ட்ரைக்கரும் உள்ள பூந்துரும்.” வடசென்னைப் புளியந்தோப்பில் கேரம் பழகுகிற பையன்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற புத்திமதி இது. குழிக்குப் பக்கத்தில் காய் வாகாக நிற்கும். ஆசைப்பட்டு நேராக அடித்தால் காய் விழும், பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழும். அப்புறம் காயை எடுத்து நடுவில் வைக்க வேண்டியதுதான். பக்கத்து வியாசர்பாடியின் இளவழகி 2008இல் பிரான்ஸ் போய் உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். இந்த வட்டாரத்தில் கேரத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, ஸ்ட்ரைக்கர் ஏன் பின்னாலேயே போகிறது? விடை பதினோராம் வகுப்பு இயற்பியலில், வேலை, ஆற்றல், திறன் பற்றிய பாடத்தில், மீட்சி மோதல் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம். கணக்குக்கு வசதியாக 15 என்றும் 5 என்றும் வைத்துக்கொள்வோம். நேருக்கு நேர் மோதினால், மோதிய பொருளிடம் மிஞ்சும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: இரு நிறைகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, பழைய வேகத்தால் பெருக்க வேண்டும். பத்தின் கீழ் இருபது. ஸ்ட்ரைக்கரிடம் பாதி வேகம் அப்படியே தங்குகிறது. காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கிறது. நிஜப் பலகையில் மோதல் முழு மீட்சியாக இருக்காது என்பதால் ஸ்ட்ரைக்கரிடம் பாதிக்கும் கொஞ்சம் கூடவே மிஞ்சும். இரண்டும் ஒரே நிறையாக இருந்திருந்தால் ஸ்ட்ரைக்கர் கிட்டத்தட்ட மோதிய இடத்திலேயே நின்றிருக்கும்.

ஓரத்தில் வெட்டி அடித்தால் தப்பிக்கலாமா? ஓரளவுக்குத்தான். உந்தம், ஆற்றல் இரண்டின் அழிவின்மை விதிகளையும் சேர்த்துப் போட்டால் ஒரு வரம்பு கிடைக்கிறது. தனியாக நிற்கிற ஒரு காயை எந்தக் கோணத்தில் தொட்டாலும் மூன்று மடங்கு கனமான ஸ்ட்ரைக்கர் தன் பாதையிலிருந்து சுமார் 19.5 பாகைக்கு மேல் விலகாது. எந்தக் கோணத்தின் சைன் மூன்றில் ஒன்று என்று பார்த்தால் அந்த எண் வந்துவிடும். நல்ல ஆட்டக்காரர்களின் கைக்கு இது தெரியும். இதே பாடத்தின் டெரிவேஷனை ஒரு வரி பிசகாமல் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்குகிற மாணவருக்கு, சாயங்காலம் தானே விளையாடுகிற பலகையில் நடப்பதும் அதேதான் என்று தோன்றாமல் போகலாம்.

அது அவர் குற்றமல்ல. 2002இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம், பாக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். அந்த மாணவர்கள் தங்கள் கணக்குப்படியே 300 முதல் 2,900 வரை இயற்பியல் கணக்குகள் போட்டவர்கள். சராசரி சுமார் 1,500. சூத்திரங்களிலும் கணிதத்திலும் அவர்களுக்குப் பெரிய தடுமாற்றம் இல்லை. ஆனால் விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் கேள்விகளில், உலகமெங்கும் மாணவர்கள் விழுகிற அதே பள்ளங்களில் அவர்களும் விழுந்தார்கள். போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை. ‘ஒரு சாப்டருக்கு ஆயிரம் கேள்வி’ என்று விளம்பரம் செய்யும் நீட் பயிற்சி நிலையங்களின் வாசலில் இந்த முடிவை எழுதி ஒட்டலாம்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? அதற்கு முன், படிப்பு என்று எதை நினைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில், அம்மா அடுப்படியில் இருக்க, பிள்ளை படிப்பதற்கு ஒரே அத்தாட்சி சத்தம். வாய்விட்டு வாசிக்கும் குரல் நின்றால் “என்னம்மா, படிக்கலையா?” என்ற கேள்வி வந்துவிடும். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளை வெறித்துக்கொண்டிருக்கும் மகள் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். ஆனால் அந்த வெறிப்புதான் படிப்பு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு அறிவியல் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை படித்த பத்திகளில் ஒன்றை ஒவ்வொருவரும் இரண்டாம் முறையும் படித்தார்கள். இன்னொன்றைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த பத்தியே முந்தியது: 81 சதவீதம், மற்றதில் 75. ஒரு வாரம் கழித்துத் தராசு மாறிவிட்டது. திரும்பப் படித்த பத்தியில் 42. பார்க்காமல் எழுதிப்பார்த்ததில் 56. இரவு படித்துவிட்டுக் காலையில் ஒப்பிக்கிறவர் தன் முறைதான் சரி என்று நம்புவதற்கும், மார்ச் மாதப் பொதுத்தேர்வில் அது கைவிடுவதற்கும் காரணம் இந்தத் தராசுதான்.

நம் பள்ளிகளின் ஸ்லிப் டெஸ்ட் இந்த உத்தியின் பக்கத்தில்தான் நிற்கிறது. குறை ஒன்றே: நேற்று நடத்திய பாடத்தில் இன்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். ஐந்து ஒரு மதிப்பெண் கேள்விகளில் இரண்டைப் போன மாதப் பாடத்திலிருந்து எடுத்தால் அதே ஸ்லிப் டெஸ்ட் வேறு வேலை செய்யும். வீட்டில் படிப்பவரும் இதைத் தானே செய்துகொள்ளலாம். வான் டி கிராப் மின்னியற்றியை இன்று படித்தால் இன்றே ஒரு முறை, படம் உட்பட, பார்க்காமல் எழுதிப்பார்ப்பது. இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. அடுத்த வாரம் மறுபடியும். எழுதிய பிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். விட்டுப்போன வரியைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்பு வரிகள் மட்டுமே பரீட்சைக்கு முந்தைய நாளுக்குப் போதுமான குறிப்பாகிவிடும்.

மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்று நாள்கள் வீணாவதைப் புளியந்தோப்பு மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. இப்படி விழுகிற இடைவெளிக்குப் பிறகு, மறந்துபோச்சே என்று முதல் பக்கத்திலிருந்து வாசிக்க உட்காருவதுதான் வழக்கம். அதைவிட, பாதி மறந்த நிலையிலேயே பாடத்தை எழுதிப்பார்ப்பது நல்லது. முக்கி முனகி நினைவிலிருந்து இழுத்தெடுத்தது, சுலபமாக வந்ததைவிட அதிக நாள் தங்கும்.

கணக்குகளுக்கு இது போதாது. அங்கே சிக்கல் வேறு. பயிற்சிப் பகுதியில் ‘மோதல்’ என்ற தலைப்பின் கீழ் பத்து சம் இருந்தால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம். எண்களைப் போட்டால் சரி. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் கனஅளவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்களுக்கு 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்களுக்கு 20, பின்னவர்களுக்கு 63. 2021இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வகுப்பின் வீட்டுப்பாடத்திலேயே இதைச் செய்துபார்த்தபோதும், திடீர்த் தேர்வுகளில் கலந்து போட்டவர்களே மேலே வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த முறை கஷ்டமாக இருக்கிறது, இதில் குறைவாகத்தான் கற்றோம் என்று அதே மாணவர்கள் கருத்துச் சொன்னார்கள்.

கேரம் ஆடுகிறவருக்கு இந்தக் கலப்பு தானாகவே அமைந்துவிடுகிறது. இன்று முழுக்க கட் ஷாட், நாளை முழுக்க நேர் அடி என்று பலகை காய்களை அடுக்கித் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் என்ன அடி என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இயற்பியல் மாணவரோ பாடவாரியாகப் பிரித்த கைடைக் காசு கொடுத்து வாங்குகிறார். அந்தப் பிரிக்கும் வேலைதான் அவர் செய்ய வேண்டியிருந்த வேலை.

சி, ஃபெல்டோவிச், கிளேசர் ஆகிய மூவரின் 1981ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. 24 கணக்குகளைக் கொடுத்து, வகைப்படுத்தச் சொன்னார்கள். புதிதாகப் படிக்கும் மாணவர்கள் சாய்தளக் கணக்குகள் ஒரு பக்கம், சுருள்வில் கணக்குகள் ஒரு பக்கம் என்று படத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் இது ஆற்றல் அழிவின்மை, இது நியூட்டனின் இரண்டாம் விதி என்று விதியைப் பார்த்துப் பிரித்தார்கள். ஆகவே கணக்கைப் போடாமலே செய்யக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. பழைய வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் எந்த விதி, ஏன் என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுவது. இருபது கணக்கு அரை மணி நேரத்தில் முடியும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று ஓட வேண்டிய நீட் தேர்வில், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடுகிற இடத்தில், இந்தப் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும்.

புத்தகத்தில் தீர்த்துக்காட்டிய கணக்குகளைப் படிப்பதிலும் இரண்டு விதம் உண்டு. அதே மிஷலீன் சி 1989இல் நியூட்டனின் இயக்கவியல் கணக்குகளைப் படிப்பவர்களைக் கூர்ந்து பார்த்தார். நன்றாகச் செய்தவர்கள் வரிக்கு வரி நின்று, இந்த விசை ஏன் இங்கே எதிர்க்குறி பெற்றது, இந்த இழுவிசை எங்கிருந்து வந்தது என்று தங்களுக்கே விளக்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒழுங்காக வாசித்து, புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். சொந்தமாகக் கணக்குப் போடும்போது திரும்பத் திரும்ப அந்த எடுத்துக்காட்டின் முதல் வரிக்கே ஓடினார்கள்.

இதற்கெல்லாம் மேசையோ ஏசி அறையோ தேவையில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெற்றுத்தாளில் எழுதிப்பார்ப்பதற்குப் பழைய நோட்டின் பின்பக்கம் போதும். ஓரக்குறிப்பு எழுதுவதை மாநகரப் பேருந்தில்கூடச் செய்யலாம். அதற்காக, கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறவருக்கும் தையல் மிஷின் சத்தத்தில் படிக்கிறவருக்கும் இடையிலான தூரத்தை ஒரு படிப்பு உத்தி மூடிவிடும் என்று சொன்னால் அது பொய். அந்தத் தூரத்தில் ஒரு பகுதி, தவறான முறையில் செலவான மணிநேரங்களால் ஆனது. அதை மட்டும் மாணவரே திருத்திக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியதில் கடைசியாக ஒன்று, வீட்டில் உள்ளவர்களுக்கு. டெரிவேஷனை எழுதி முடித்த பிள்ளையிடம் “மறந்துட்டியா, ஞாபகம் இருக்கா?” என்று கேட்பதைவிட, “எனக்குச் சொல்லு, இது எதுக்கு?” என்று கேளுங்கள். கேட்கிறவருக்கு இயற்பியல் தெரியாமல் இருப்பது இங்கே ஒரு வசதி. இடையில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கப் பிள்ளைக்கு வழியிருக்காது.