மூட்டு வலியும் மிளகாய்க் களிம்பும்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கூலிப் பதிவேட்டில் மூத்த அங்கத்தினர் ஒருவர் பெயருக்கு நேரே இரண்டு வாரம் வெறுமையாக இருந்தது. காரணம் வினவினேன். குழித்தறியில் மிதித்து மிதித்து முழங்கால் வலி கண்டவர், மிளகாயில் வலிக்கு மருந்து உண்டென்று எவரோ கூறக் கேட்டு, வற்றலை அரைத்து எண்ணெயில் குழைத்து இரவெல்லாம் கட்டியிருந்தாராம். விடிந்ததும் தோல் கொப்பளித்துப் புண்ணாயிற்று. வலியும் நீங்கவில்லை, கூலியும் போயிற்று.

அவர் கேட்டது பொய்யன்று, பாதி உண்மை. மிளகாயின் காரத்திற்குக் காரணமான பொருளை 1876-இல் ஜான் திரெஷ் என்னும் ஆங்கிலேயர் படிகமாகப் பிரித்தெடுத்து, காப்சைசின் எனப் பெயரிட்டார். அது மிகுந்திருப்பது விதையிலன்று, விதைகள் ஒட்டியிருக்கும் வெண்சதையிலேயாம். (மிளகாய் பயிரிடுவோரிலும் இதை அறியாதார் உண்டு.) நரம்பு முனையில் அதனை உணரும் வாயிலை 1997-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர், 2021-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிட்டியது. சூட்டை உணர்த்துவதும் அதே வாயில்தான். ஆகவே மிளகாய் ‘எரிகிறது’ என்பது வெறும் பேச்சு வழக்கன்று.

பலநாள் தொடர்ந்து பூசிவந்தால் அந்நரம்பு முனைகள் சோர்ந்து, வலிச் செய்தியை அனுப்புவது குறைகிறது. மூட்டின் தேய்மானம் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

கடைகளில் விற்கும் களிம்பில் காப்சைசின் 0.025 அல்லது 0.075 சதவிகிதமே. அதாவது முதல் வகையில் நூறு கிராமுக்கு 25 மில்லிகிராம். அம்மியில் அரைத்த விழுதில் எவ்வளவு என்று யார் அளப்பது? நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை வீதம் இரண்டு வாரமாவது பூசினால்தான் பலன் தெரியும். முதல் நாட்களின் எரிச்சலுக்கு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். கை, முழங்கால் மூட்டுகளுக்கு இது ஓரளவு உதவும்; ஆழத்திலுள்ள இடுப்பு மூட்டுக்கு எட்டாது. புண் உள்ள இடத்தில் பூசலாகாது. நம்மவர் வழக்கமான வெந்நீர் ஒத்தடமும் அதன்மேல் கூடாது, எரிச்சல் பன்மடங்காகும். வெறும் தண்ணீரில் இது கரையாது. சோப்பிட்டுக் கை கழுவாமல் கண்ணைத் தொட்டால் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. விரல் மூட்டுக்குப் பூசினால் அரைமணி பொறுத்துக் கழுவிய பின்னரே நூலைத் தொடுக. நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடவே வேண்டாம்.

சென்ற வாரம் அச்சங்கத்திற்கு மறுபடியும் போயிருந்தேன். பெரியவர் புண் ஆறித் தறியில் அமர்ந்திருந்தார். வைத்தியர் எழுதிக் கொடுத்த களிம்பைப் பூசத் தொடங்கி மூன்றாம் வாரமாம். மிதிக்கையில் வலி குறைந்திருக்கிறது, குழியிலிருந்து எழும்போதுதான் இன்னும் பிடிக்கிறது என்றார்.