இரவு விமானமும் உடலின் கடிகாரமும்

மார்கழி மாதக் குளிரில் இலண்டன் மாநகரை விட்டு, மாலைதீவின் வெயிலையும் கடலையும் நாடி விடுமுறைக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாய், தந்தை, பள்ளி செல்லும் சிறுவன், கைக்குழந்தை, எழுபது வயதுப் பாட்டி ஆகிய ஐவர். இரவு 9 மணிக்கு ஏறினால், ஏறத்தாழப் பத்து மணி நேரம் பறந்து, மறுநாள் நண்பகலில் மாலே நகரை அடுத்துள்ள ஹுல்ஹுலே தீவில் இறங்குவர்.

இரவில் ஏன் புறப்படவேண்டும்? மாலைதீவு ஏறத்தாழ 1,190 முருகைத் தீவுகளைக் கொண்ட நாடு. தொலைவிலுள்ள தீவுகளுக்குப் பெரும்பாலும் நீரில் இறங்கும் சிறு விமானங்களிலேயே செல்லுகின்றனர். அவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிந்தி வருவோர் ஓர் இரவை மாலேயில் கழிக்க நேரிடும். ஆகவே இரவுப் பயணம் விடுமுறையில் ஒரு நாளை மிச்சப்படுத்துகின்றது. அந்த மிச்சத்துக்கு உடல் கொடுக்கும் விலை யாது என்பதை இனி நோக்குவோம்.

முதலாவது, உயரம். விமானம் 35,000 அடிக்கு மேல் பறக்கும்போது வெளியே பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர் நிலவும். சுவாசிக்கப் போதிய வளியும் அங்கு இல்லை. அதனால் விமானத்தின் உள்ளே வளியை அமுக்கி நிரப்புகின்றனர். ஆயினும் கடல்மட்டத்து அமுக்கத்தை உள்ளே வைத்தால் விமானத்தின் உடல் தாங்கவேண்டிய விசை மிகும். எனவே உள்ளேயுள்ள அமுக்கம் 8,000 அடி உயரத்து அமுக்கத்திலும் குறையாதிருந்தால் போதுமென விதித்துள்ளனர். நமது பீதுருதலாகல மலையின் உயரம் 8,281 அடி. புதிய விமானங்கள் சிலவற்றில் இது ஏறத்தாழ 6,000 அடியாக, அதாவது நுவரெலியாவின் உயரமளவில் இருக்கும். சுகதேகிகளுக்கு இதனால் தீங்கில்லை. இதய நோயோ சுவாச நோயோ உடைய முதியவர், பயணச்சீட்டு வாங்குமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். உள்ளேயுள்ள வளியின் ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் குறைவு. ஆதலால் அடிக்கடி நீர் அருந்துதல் நன்று.

விமானம் கீழிறங்கும்போது உள்ளமுக்கம் ஏறுகின்றது. அது செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் வலி நீங்கும். விழுங்கும்போது அக்குழாய் திறக்கும். ஆகவே இறங்கத் தொடங்கியதும் உறங்கும் குழந்தையை எழுப்பிப் பாலூட்டவேண்டும். பெரிய பிள்ளைக்கு இனிப்பொன்றைச் சுவைக்கக் கொடுக்கலாம்.

இரண்டாவது, அசையாதிருத்தல். நெடுநேரம் மடங்கியிருக்கும் கால்களில் குருதியோட்டம் மந்தமாகி, ஆழ்ந்த நாளங்களிற் குருதி உறையக்கூடும். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் பயணம் இவ்வபாயத்தை ஏறத்தாழ இருமடங்காக்குகின்றது என உலகச் சுகாதார ஸ்தாபனம் 2007ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும் சுகதேகிகளில் அது ஏறத்தாழ 6,000 பேருக்கு ஒருவரையே பாதிக்கும். முன்னர் இந்நோய் கண்டோரும், அண்மையிற் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டோரும், கர்ப்பிணிகளும் கூடுதலாக எச்சரிக்கை கொள்ளவேண்டும். கணுக்காலை அசைத்தலும் இடையிடையே எழுந்து நடத்தலும் எளிய காப்புகள். தூக்க மாத்திரையுண்டு மரம்போற் கிடத்தல் தகாது. பயணத்தின்பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நாட்கள் பல கழிந்திருந்தாலும் வைத்தியரிடம் விமானப் பயணத்தைச் சொல்லத் தவறக்கூடாது.

மூன்றாவது, காலம். மாரிகாலத்தில் மாலே நகர் இலண்டனுக்கு ஐந்து மணி நேரம் முந்தியது. கிழக்கு நோக்கி விரையும் விமானத்தில், இலண்டன் கடிகாரம் அதிகாலை மூன்றைக் காட்டும் வேளையிலேயே யன்னலில் பொழுது விடிந்துவிடும். இரவு அவ்வளவுக்குச் சுருங்குகின்றது. நமது மூளையினுள்ளே, கண்நரம்புகள் ஒன்றையொன்று கடக்குமிடத்துக்கு மேலே, உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் ஒரு கடிகாரம் உண்டு. பெரும்பாலோரில் அதன் சுற்று 24 மணியிலும் சற்றே நீண்டது. ஆதலால் நாளை நீட்டுதல் அதற்கு எளிது, சுருக்குதல் கடினம். கிழக்குப் பயணம் மேற்குப் பயணத்திலும் அதிகமாகக் களைப்பூட்டுவது இதனாலேயே. ஒரு மணி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில் அக்கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்ளும். பகலொளியில் உலாவுதலும் உள்ளூர் நேரப்படி உண்ணுதலும் அதற்குத் துணைபுரியும்.

நேயர்களே, இங்கேதான் மெய்யான அபாயம் உள்ளது. விமானத்தில் அரைத்தூக்கம் கொண்ட பெற்றோர் நண்பகலில் இறங்குகின்றனர். சிறுவனோ கடலைக் கண்டதும் ஓடுகின்றான். கரையில் அமர்ந்து காவல் காக்கவேண்டியவரின் கண்கள் தாமே மூடுகின்றன. நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை, ஓசையின்றியே மூழ்கிவிடும். ஆகையால் முதல் நாளைக் கடலுக்கல்ல, ஓய்வுக்கே ஒதுக்கவேண்டும்.

திரும்பும் பயணத்துக்கும் ஒரு விதியுண்டு. வளித்தாங்கி அணிந்து ஆழ்கடலில் மூழ்கியவரின் உடலில் நைதரசன் கரைந்திருக்கும். உடனே விமானமேறினால், அமுக்கம் குறையும்போது அது குமிழிகளாக வெளிப்பட்டு ஊறு செய்யும். பல நாட்கள் மூழ்கியோர் குறைந்தது 18 மணி நேரமாவது தரையில் தங்கிய பின்னரே விமானமேறவேண்டும். விடுமுறையின் இறுதி நாளையும் கடலுக்குக் கொடாது, கரையிலே கழிப்பதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.