புது வீட்டுக்கு வந்த உளுவை

அன்று காலை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மீன் தொட்டி வைத்திருக்கும் மேஜைக்குப் பின்னால் துடைப்பத்தில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தால், முந்தின நாள் வாங்கி வந்த மஞ்சள் மீன் காய்ந்து கிடந்தது! பத்தாவது படிக்கும் என் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் அந்தத் தொட்டிப் பக்கமே அவன் திரும்பவில்லை.

குற்றம் என்னுடையதுதான். மூடியில் குழாய் போகிற இடத்தில் நாலு விரல் இடைவெளி இருந்தது. "அடைக்கணும், அடைக்கணும்" என்று ஒரு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். மீன் வந்த அன்றும் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டோம். அங்கே ஏற்கெனவே குடியிருந்த நீல டாம்செல் மீன், புதியதை ஓட ஓட விரட்டியது. ஒளிய இடமில்லாமல் ராத்திரியில் அது எகிறிக் குதித்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒன்று வாங்கினோம். இந்தத் தடவை பார்த்துப் பார்த்துச் செய்தோம். வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவம் உதவட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

யார் இந்த உளுவை?

கடைக்காரர்கள் 'கோபி' என்பார்கள். நம் மீனவர்கள் பேச்சில் இந்த இனத்துக்கு உளுவை என்று பெயர். நம் கழிமுகங்களிலும் இதன் உறவுக்காரர்கள் நிறைய உண்டு. வயிற்றுப் பக்கத்துத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும். அதை ஊன்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும். மற்ற மீன்களைப் போல ஓயாமல் நீந்தாது.

எங்களுடையது 'காவல்கார கோபி' என்கிற மஞ்சள் வகை. தலையில் நீலப் புள்ளிகள். நாலு அங்குலத்துக்கு மேல் வளராது. கடலில் இது ஒரு சிறு இறாலோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். இறாலுக்குக் கண் பார்வை மட்டு. அது வளை தோண்ட, மீன் வாசலில் காவல் இருக்கும். ஆபத்து என்றால் வாலை ஆட்டும். இரண்டும் உள்ளே ஓடிவிடும். இறால் இல்லாமல் தனியாகவும் வாழும். ஆனால் வளை மட்டும் வேண்டும்.

வருவதற்கு முன்

முதல் வேலையாக மூடியைச் சரி செய்தோம். கொசுவலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, குழாய் ஓரத்தையும் அடைத்தேன்.

அடுத்தது பாறைகள். உளுவை மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கும். பாறையை மணல் மேல் வைத்தால் ஒருநாள் சரிந்து மீனையே நசுக்கிவிடும். அதனால் பாறைகளைக் கண்ணாடித் தரையில் அசையாமல் ஊன்றி, பிறகு சுற்றிலும் இரண்டு, மூன்று அங்குல உயரத்துக்குப் பொடி மணல் பரப்பினோம். நடுநடுவே உடைந்த பவளத் துண்டுகளையும் போட்டோம். வளையின் கூரை சரியாமல் நிற்க அது உதவும்.

தொட்டி வைத்து ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்ட வேண்டும். உப்பின் அளவு ஹைட்ரோமீட்டரில் 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள்! கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் உப்புதான் வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரை மட்டும் விடுங்கள். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அப்படியே தங்கிவிடும்.

வந்த அன்று

பையில் இருந்த தண்ணீரோடு மீனை ஒரு சிறு வாளியில் விட்டோம். மெல்லிய காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல, வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக நம் தண்ணீரை இறக்கினோம். முக்கால் மணியில் வாளித் தண்ணீர் இரட்டிப்பானது. பிறகு மீனை மட்டும் எடுத்து விட்டோம். கடைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கவே கூடாது.

இது உள்ளூர்க் கடையிலிருந்து வாங்கி வந்தால்தான். வெளியூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பையில் வந்த மீன் என்றால் இத்தனை நேரம் காக்க வைக்காதீர்கள். பையைத் திறந்ததும் அதில் சேர்ந்திருக்கும் அம்மோனியாவின் விஷம் ஏறும். வெப்பத்தைச் சமப்படுத்தி, உப்பு அளவு ஒத்திருக்கும் தண்ணீருக்குச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும்.

நேரே பெரிய தொட்டிக்கும் விடவில்லை. ஒரு சின்னத் தொட்டியில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போட்டு மூன்று வாரம் தனியாக வைத்திருந்தோம். வியாதி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பழையவர்களோடு பழக

பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் பாறைகள் சிலவற்றை இடம் மாற்றினோம். "இது என் மூலை" என்று டாம்செல் உரிமை கொண்டாட முடியாது பாருங்கள்! துளைகள் போட்ட ஒளி புகும் பெட்டியில் உளுவையை வைத்து இரண்டு நாள் உள்ளே தொங்கவிட்டோம். பார்க்கலாம், கடிக்க முடியாது. மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்துத் திறந்துவிட்டோம்.

அவ்வளவுதான், மீனைக் காணோம்!

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். பையன் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஓடிப் போய்ப் பார்ப்பான். "இதுவும் போயிடுச்சாம்மா?" என்பான். பாறையைத் தூக்கிப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"விடும்மா" என்றார் மாமியார். "நீ இந்த வீட்டுக்கு வந்தப்போ நாலு நாள் அடுக்களைக் கதவு மறைவிலேயே நின்னியே, மறந்துட்டியா?"

மறக்குமா? பத்துப் பேர் இருந்த வீடு. எல்லோரும் பார்க்க எனக்குச் சோறே இறங்கவில்லை. அத்தைதான் ஒரு தட்டில் போட்டு மூடி, அலமாரியில் வைத்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் போய்விடுவார்.

அதையேதான் உளுவைக்கும் செய்தேன். முதலில் தொட்டியின் ஒரு கோடியில் மற்றவற்றுக்கு உணவு போட்டேன். அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது, உப்பு மஞ்சள் சேர்க்காத பச்சை இறாலைப் பொடியாக நறுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, பாறை இடுக்கில் மெதுவாக விட்டேன். மிச்சத்தை அரைமணியில் எடுத்துவிட்டேன். தினமும் தண்ணீரைச் சோதித்தேன், அம்மோனியா இல்லை. கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று பையனுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒளிந்திருப்பது நோயல்ல. வெட்டவெளியில் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வெள்ளைப் புள்ளி வந்தாலோ, துடுப்பு கிழிந்தாலோ, வயிறு ஒட்டினாலோதான் உடனே பிரித்து வைக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் மாலை. பாறைக்கு அடியிலிருந்து கொஞ்சம் மணல் வெளியே வந்து விழுந்தது. மறுபடி ஒரு வாய் மணல். பிறகு மஞ்சளாய் ஒரு முகம்! டாம்செல் ஒரு தடவை பாய்ந்தது. உளுவை சட்டென்று உள்ளே போய், சற்று நேரத்தில் மறுபடி வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "பாட்டி, சாப்பிடுது!" என்று ரகசியமாய்க் கூப்பிட்டான்.

அத்தை வந்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். "அதுக்குன்னு ஒரு மூலை கிடைச்சுடுச்சு. இனிமே இருக்கும்" என்றார்.

இருக்கிறது. இப்போது சிரிஞ்சைப் பார்த்தாலே வாசலுக்கு வந்துவிடுகிறது.